தேம்பாவணி வளனும் முத்தழகுபட்டிச் செபத்தியாரும்

அடியார் பெருமையைப் பேசுதல் ஆண்டவன் பெருமையைப் பேசுதலேயாம் என்பது சைவ நன்மக்களுக்குப் புதிதன்று. திருவாரூரிலே சுந்தரமூர்த்தி சுவாமிகள் அருளிச்செய்த திருத்தொண்டத்தொகையும், அதன்வழித் தோன்றிய நம்பியாண்டார் நம்பிகளது திருவந்தாதியும், அவ்விரண்டனையும் உளங்கொண்டு சேக்கிழார் பெருமான் விரித்தருளிய திருத்தொண்டர் புராணமும் வழிவழியாகப் பயின்றுவந்த கூட்டத்தார்க்கு, அடியாரைப் பாடுமாறு எங்ஙனம் என்பதற்கு ஓர் அளவுகோல் முன்னரே கையில் உளது. ஆகலின் பிற சமயத்தார் தம் அடியாரைப் பாட்டிலும் சித்திரத்திலும் விழாவிலும் எவ்வாறு போற்றினர் என்று ஆராயும் உரிமை சைவர்க்கு உண்டு. அவ்வாராய்ச்சி பகைமை பற்றி நிகழ்தல் கூடாது. முகமன் பற்றி நிகழ்தலும் கூடாது. எத்தெய்வத்தை எவர் வழிபடினும் ஆண்டு வெளிப்பட்டருள்பவன் மாதொருபாகனே என்னும் கருத்தினைச் சிவஞானசித்தியார் தெளிவுறுத்தியிருத்தலின், சித்தாந்த சைவன் பிறர் கோயில் வாயிலிற் கண்ணை மூடிக்கொண்டு செல்ல வேண்டுவதின்று.

இவ்வாராய்ச்சிக்கு ஏற்றதோர் இடம் திண்டுக்கல் ஆகும். சமவெளியின் நடுவே தனிப்பாறையாய் எழுந்து நிற்கும் அம்மலைக்குப் பத்மகிரி என்பது பழம்பெயர். பதினெட்டாம் நூற்றாண்டிலே பலபட்டடைச் சொக்கநாதப் புலவர் பத்மகிரிநாதர் தென்றல்விடு தூது பாடி அம்மலையைத் தமிழில் நிலைபெறச் செய்தார். அம்மலையை அடுத்த ஊரிலேயே 1866-இல் தொடங்கி 1872-இல் முடிவுற்ற சூசையப்பர் கோயிலும் உளது. 2003-இல் திண்டுக்கல் தனி மறைமாவட்டம் ஆனபொழுது அது தலைமைக் கோயிலாயிற்று. ஊரை ஒட்டிய முத்தழகுபட்டியிலே செபத்தியார் கோயில் உளது. ஆண்டுதோறும் ஆகஸ்ட்டு மாதத்தில் அங்கே நிகழும் விழாவிற்குப் பல சமயத்தாரும் திரள்கின்றனர். சூசையப்பர், செபத்தியார் ஆகிய இவ்விருவருள் முன்னவர்க்குத் தமிழிலே ஒரு பெருங்காவியம் உண்டு. பின்னவர்க்கு அத்தகைய காவியம் இன்று. இருப்பினும் ஏழை எளியார் நாவிலும் நினைவிலும் மிகுதியும் வழங்குபவர் பின்னவரே. காவியம் பெற்றவர் புலவர் நூலகத்தில் இருப்பவும், காவியம் பெறாதவர் தெருவில் உலாவுதற்குக் காரணம் யாது?

முதற்கண் காவியத்தைக் காண்போம். இத்தாலி தேயத்துக் காஸ்திலியோனே என்னும் ஊரில் 1680-இல் பிறந்து, தமிழ்நாடு போந்து, தமிழை ஐயந்திரிபறக் கற்று, வீரமாமுனிவர் எனப் பெயர் விளங்கிய பெஸ்கி என்பவர் சூசையப்பரைக் காப்பியத் தலைவராக வைத்து 1726-இல் தேம்பாவணியை முடித்தார். மூன்று காண்டமும் முப்பத்தாறு படலமும் 3615 பாட்டும் கொண்டது அந்நூல். வாடாத அணி எனவும், தேன்போலும் பாக்களால் ஆய அணி எனவும் இருபொருள் படப் பெயர் அமைத்தமையே ஆசிரியரது தமிழ்த்திறத்திற்குச் சான்று. யோசேப்பு என்னும் எபிரேயப் பெயர்க்கு மேன்மேற் பெருகுதல் என்பது கருத்தாதல் நோக்கி, அதனை வளன் எனத் தமிழாக்கியது அதனினும் நுட்பமான செயல். சிந்தாமணியும் கம்பராமாயணமும் திருக்குறளும் அவர் செவியில் இடையறாது ஒலித்துக் கொண்டிருந்தன என்பது நூலைப் பயில்வார் எவர்க்கும் புலனாகும். பிறநாட்டார் ஒருவர் இவ்வளவு யாப்பு வன்மையோடு தமிழ்க் காப்பியம் செய்தது வேறு எக்காலத்தும் நிகழ்ந்ததன்று. அதனை மறைத்துப் பேசுதல் தமிழ்க்குச் செய்யும் பிழையாம்.

ஆயினும் அவர் மேற்கொண்ட பொருள் எளிதன்று. கிறித்து சமயத்தார் போற்றும் நான்கு சுவிசேடங்களிலும் சூசையப்பர் வாய்திறந்து கூறியதாக ஒரு சொல்லேனும் இல்லை. அவர் தச்சர், நீதிமான், கனவிற் கேட்ட ஆணையை எழுந்து நிறைவேற்றியவர். சுவிசேடம் அவரைப்பற்றிக் கூறுவது ஏறத்தாழ இவ்வளவே. பேசாத ஒருவரைத் தலைவராகக் கொண்டு மூவாயிரத்துக்கு மேற்பட்ட பாட்டு எழுதுவது எங்ஙனம்? வீரமாமுனிவர் இருவழிகளை மேற்கொண்டார். சூசையப்பர் தாவீது அரசன் மரபினர் ஆதலின், நாட்டுப் படலம், நகரப் படலம், வளன் சனித்த படலம் என்று அரசகுமரர்க்குரிய தமிழ்க் காப்பிய மரபெல்லாம் அவர்க்கு அணிவித்தது ஒன்று. பழைய ஏற்பாட்டு வீரர் வரலாறுகளை இடையிடையே கிளைக்கதையாக நுழைத்தது மற்றொன்று. குழந்தையோடு எகிப்து நாட்டிற்குச் செல்லும் நெடுவழியிலே அவ்வீரர் போர்களெல்லாம் விரித்துரைக்கப்படுகின்றன. அப்போர்ப் படலங்களிற் கவியின் வேகம் மிகுதி; நூலின் நாயகனாகிய வளனோ ஆண்டுக் கேட்போனாய் நிற்கின்றான்.

யூதேயா நாட்டில் நெல்லும் கரும்பும் தாமரையும் மலிந்திருக்கக் காண்பதுபற்றி அந்நூலை இகழ்வாரும் உளர். அவ்விகழ்ச்சி பொருந்தாது. கம்பர் கண்ட கோசலமும் காவிரி பாய்ந்த கோசலமே அன்றோ? நாட்டு வருணனை கேட்போர்க்குப் பழகிய நிலத்திலேதான் வேரூன்றும். தேம்பாவணியின் குறை அதன் நிலத்தில் இல்லை. தச்சன் கைத்தொழில் காப்பியத்தின் உயிர்நிலையாக அமையாமையே அதன் குறை. அத்தொழில் நூலுட் கூறப்படாமலில்லை. ஆயினும் கதையின் திருப்பம் எதுவும் உளியிலும் வாய்ச்சியிலும் பிறக்கவில்லை. மரம் ஒன்று மலர்வது உண்டு. திருமணத்தின்பொருட்டு இளைஞர் பலர் ஏந்திய கோல்களுள் வளன் கைக்கோல் ஒன்றே பூக்கின்றது. அது தெய்வ அடையாளமாய்ப் பூத்த கோல். அவன் இழைத்த மரம் அன்று.

இவ்விடத்திலே திருநீலகண்டக் குயவனாரை நினையாமல் இருத்தல் சைவர்க்கு இயலாது. தேம்பாவணியில் ஈரறம் பொருத்து படலம் என ஒன்று உண்டு. இல்லறத்தில் நின்றே துறவறம் காத்த கணவன் மனைவியரை அது பேசுகின்றது. தில்லைக் குயவனாரும் அவர் மனைவியாரும் ஒரு மனைக்கண் வாழ்ந்தும் தீண்டாது மூத்தவர்களே. பொருள் ஒன்றுபோலத் தோன்றினும் இரண்டும் நிகழ்ந்த வகை வேறு. வளனும் மரியாளும் பிறந்தது தொட்டே மாசற்றவராய் நேர்ந்துகொண்ட விரதம் அது. குயவனாரோ வழுவினார், பரத்தைபாற் சென்று மீண்டார். மனைவியார் ஊடி இறைவன் திருநாமத்தின்மேல் ஆணையிட்டார். அவ்வாணைச் சொல்லின் பன்மையைக் கேட்ட கணத்திலே, ஏனை மாதரையும் மனத்தினாலும் தீண்டேன் என உறுதிகொண்டார். குற்றத்திலிருந்து பிறந்த விரதம் ஆதலின், அதனைக் கேட்கும் எளியவன் ஒவ்வொருவனும் தன்னை அதனுட் காண்கின்றான்.

அதனினும் வியக்கத்தக்கது சோதனை வந்த வழி. அடியார்க்குத் திருவோடு வனைந்து அளித்தலே குயவனாரது தொண்டு. அத்தொண்டின் கருவியாகிய ஓட்டினையே இறைவன் சிவயோகியாய் வந்து அவர் கையில் அடைக்கலமாகக் கொடுத்து, பின்பு மறைத்து, ஓடு கவர்ந்தான் என அவர்மேற் பழி சாற்றுகின்றான். வாழ்நாளெல்லாம் ஓடு ஈந்தவர்மீதே ஓடு திருடியவன் என்னும் பழி வருகின்றது. மனைவியின் கைப்பற்றிக் குளத்தில் மூழ்கிச் சத்தியம் செய்க என வழக்கு முற்றிய காலையில், மூங்கிற்கோலின் இருதலையும் இருவரும் பற்றி நிற்ப, அத்துணை ஆண்டும் அயலார் அறியாதிருந்த மறை ஊரறிய வெளியாகின்றது. பானை செய்வார் தெருவிற் பிறந்த கதையாதலின், இதனைப் பெயர்த்து வேறோரிடத்தில் வைத்தல் இயலாது. ஏகாலியராகிய திருக்குறிப்புத் தொண்டர்க்குச் சோதனை கந்தையிலும் மழையிலும் வந்தது. பரதவராகிய அதிபத்தர்க்கு அது மீனில் வந்தது. தொழிலே அன்பின் களமாக நின்ற இந்நிலையினைச் சேக்கிழார் எங்கும் நெகிழவிடவில்லை.

கிறித்து சமயக் கலைக்கு இவ்வழி தெரியாது என்று கூறின் அது பொய்யாம். மேலைநாட்டுச் சித்திரக்காரர் நெடுங்காலம் சூசையப்பரை ஒதுங்கி நிற்கும் முதியவராகவே எழுதி வந்தனர். ரபேல் என்பார் 1504-இல் எழுதிய திருமணச் சித்திரத்திலே பூத்த கோலேந்தி நிற்கும் அழகராக மாற்றினார். பதினாறாம் நூற்றாண்டில் ஸ்பெயின் நாட்டுத் தெரேசம்மாள் அவர்மாட்டுக் கொண்ட பேரன்பினால் அவர் வணக்கம் எங்கும் பரவலாயிற்று. அதன் பின்னரே, ஏறத்தாழ 1642-இல், பிரெஞ்சு நாட்டு ழார்ழ் தெ லா தூர் என்பார் ஒரு படம் எழுதினார். இருள் சூழ்ந்த அறையில் சூசையப்பர் குனிந்து துரப்பணத்தால் மரத்தைத் துளைக்கின்றார். எதிரே சிறுவராகிய கிறித்து மெழுகுவர்த்தி ஏந்தி நிற்கின்றார். சுடரின் ஒளி சிறுவரது விரல்களினூடே சிவந்து தோன்றுகின்றது. துளைபடும் மரம் பின்வரும் சிலுவையை நினைப்பிக்கின்றது. பெற்ற பிள்ளைபோல் வளர்த்த மகனது இறுதி தன் தொழிற்பொருளிலேயே ஒளிந்து கிடப்பதனைக் கண்டார்போல அம்முதியவர் முகத்திற் கவலை படர்ந்துள்ளது. சொல் ஒன்றும் இல்லை. சுவிசேடத்தின் மௌனம் அப்படியே காக்கப்பட்டது. தச்சர் தச்சராகவே இருந்து அடியாராயினார். தில்லைக் குயவனார்க்குச் சேக்கிழார் செய்ததனை நாசரேத்துத் தச்சர்க்கு லா தூர் செய்தார் எனலாம். அவர்க்கு ஏறத்தாழ எண்பதாண்டு பிற்பட்டு எழுதிய வீரமாமுனிவர் அரசகுமரன் ஒருவனையே நமக்குத் தந்தார்.

எனினும் ஓரிடத்தில் அவர் காப்பியம் மரபின் சுமையை இறக்கிவைத்துவிட்டு மனிதன் நெஞ்சருகே வந்து நிற்கின்றது. மரியாள் கருவுற்றமை கண்டு வளன் கலங்கும் ஐயந்தோற்று படலமும், அக்கலக்கம் தீரும் ஐயநீங்கு படலமுமே அவை. மனைவியின் தூய்மையை ஐயுறவும் மாட்டாமல், கண்ணாற் கண்டதனை இல்லையெனவும் மாட்டாமல், பழி தூற்றவும் மனமின்றி விலகிப்போக நினைக்கும் நல்லவன் ஒருவனது துயரம் அங்கே உண்மையாய் ஒலிக்கின்றது. தேம்பாவணியைத் தொடாத சைவப் புலவர் அவ்விரு படலங்களையாயினும் படித்தல் தகும். நூல் முழுதும் அந்நிலையில் நின்றிருப்பின் அதன் வரலாறு வேறாயிருக்கும்.

இனி, செபத்தியாரை நோக்குவோம். அவர் உரோமப் பேரரசன் தியோக்கிலேசியன் படையிற் பணியாற்றிய வீரர் எனவும், மறைவாகக் கிறித்து நெறி நின்றவர் எனவும், அது வெளிப்பட்டபோது அரசன் ஆணையால் மரத்திற் பிணித்து அம்பெய்யப்பட்டனர் எனவும் பழங்கதை கூறும். படங்களெல்லாம் இவ்வளவில் நின்றுவிடுகின்றன. கதையோ அதன்மேலும் செல்கின்றது. அவர் இறந்தார் என விட்டுச் சென்றனர். ஐரீன் என்னும் கைம்பெண் அவரை எடுத்துச் சென்று புண்ணாற்றினாள். உயிர்பெற்றவர் ஊரைவிட்டு ஓடவில்லை. அரசன் வரும் வழியில் தாமே சென்று நின்று அவன் கொடுமையை எடுத்துரைத்தார். அதன் பின்னரே தடியால் அடித்துக் கொல்லப்பட்டார். அம்புகளைப் பொறுத்தது பெரிதே. ஆறிய புண்ணோடு அரசன்முன் மீண்டும் சென்றது அதனினும் பெரிது. நீற்றறையும் நஞ்சும் யானையும் கல்லும் கடந்த திருநாவுக்கரசு நாயனாரையும், அரசாணைக்கு அவர் விடையாக அருளிய மறுமாற்றத் திருத்தாண்டகத்தையும் உடைய சமயத்தார்க்கு இதன் அருமை கூறாமலே விளங்கும்.

மேலைநாட்டுக் கலை இவ்வருமையைப் பெரும்பாலும் கைவிட்டது. ஏழாம் நூற்றாண்டிலே உரோமாபுரிக் கோயிலொன்றில் அமைந்த பன்னிறக்கற் சித்திரத்தில் செபத்தியார் நரைத்த தாடியுடைய முதியவராய், ஆடை முழுதும் அணிந்து நிற்கின்றார். பதினைந்தாம் நூற்றாண்டு வந்ததும் அவரே ஆடை நெகிழ்ந்த கட்டழகுக் காளையாக மாறினார். உடலழகினை எழுத விரும்பிய சிற்பியர்க்கும் ஓவியர்க்கும் அவர் ஒரு வாய்ப்பாயினார். புளோரன்சு நகரில் பிரா பார்த்தொலோமேயோ எழுதிய செபத்தியார் படத்தைக் கண்ட பெண்டிர் மனம் திரிந்தமையால் அதனைக் கோயிலினின்று அகற்றினர் என வசாரி எழுதி வைத்துள்ளார். அடியார் வணக்கத்திற் கலை எவ்வளவு துணையோ அவ்வளவு இடையூறும் ஆதல் கூடும் என்பதற்கு இதனினும் வேறு சான்று வேண்டா.

அம்பு பட்டும் பிழைத்தவர் ஆதலின் கொள்ளைநோய்க்குக் காவலராக அவரை மேலைநாட்டார் வேண்டினர். 680-ஆம் ஆண்டளவில் இத்தாலியில் பரவிய நோய் அவர்க்குப் பீடம் அமைத்தபின் தணிந்தது என்னும் செய்தி பழைய வரலாற்றில் உண்டு. நோயினைத் தெய்வம் எய்யும் அம்பாகக் கருதுதல் யவனர் காலத்து வழக்கு. தமிழ்நாட்டார் அம்மைநோயின் கொப்புளத்தை முத்து என்றனர். ஒரு நாட்டார்க்கு அம்பு. மற்றொரு நாட்டார்க்கு அன்னையிட்ட முத்து. இவ்வேறுபாடு தனியே ஆராயத்தக்கது. திண்டுக்கற் சமவெளி கொள்ளைநோயை நன்கறிந்த நிலம். 1809 முதல் 1811 வரை கோயம்புத்தூர், மதுரை, திண்டுக்கல், திருநெல்வேலிப் பகுதிகளிற் கொடிய காய்ச்சல் பரவிப் பல்லாயிரவரை மாய்த்தது. இத்தகைய நிலத்திலே நோய் தீர்ப்பவர் என வந்த ஒருவர் பெயர்க்குக் காவியத்தின் துணை வேண்டியதில்லை. பிள்ளை பிழைத்தால் கிடா என்றும், கால் நடந்தால் கோழி என்றும் நேர்ந்துகொள்ளும் எளியார் வாய்ச்சொல்லே அவர்க்குப் பாட்டாயிற்று.

முத்தழகுபட்டி விழாவின் சிறப்பு இந்நேர்த்தியினின்றே தோன்றியது. நோய் நீங்கியவரும் பிள்ளைப்பேறு பெற்றவரும் ஆடும் கோழியும் அரிசியும் காய்கறியும் கொணர்ந்து காணிக்கையாக விடுகின்றனர். நூற்றுக்கணக்கில் அவை சேரும். அனைத்தையும் ஒன்றாகச் சமைத்து, வந்தார் எவர்க்கும் சாதி, சமயம் வினவாது இலையிடுகின்றனர். இரவு முழுதும் அடுப்பெரிகின்றது. உரோம வீரர் கதையில் இவ்வுணவைப்பற்றி ஒரு சொல்லும் இல்லை. இது தமிழ் மண்ணிற் சேர்ந்த கூறு. இவ்வூன் உணவு சைவ ஒழுக்கத்திற்கு ஒவ்வாதது என்பதனை மழுப்பிக் கூறுதல் வேண்டா. கொல்லாமை சைவர்க்கு உயிர்நிலையான அறம். எனினும், கலத்தில் இருப்பதனைக் கண்டு முகஞ்சுளிப்பவர் பந்தியில் இருப்பவரையும் காண்டல் வேண்டும். மழையிருளில் வந்த அடியார்க்கு விதைத்த நெல்லை வாரிவந்து அமுதாக்கிய இளையான்குடி மாறனார் மரபில் வந்தோம் என்பார், பசித்தவன் யார் என்று வினவாது இலை போடும் ஓரூரைப் பழித்துவிட்டு எளிதிற் கடந்துபோதல் ஆகாது.

இச்சமவெளியின் ஏனையூர்களிலும் அடியார் இவ்வாறே மண்ணோடு கலந்தனர். கொசவபட்டியில் அந்தோனியார் விழாவினையும், புகையிலைப்பட்டியில் சந்தியாகப்பர், செபத்தியார் விழாவினையும் சார்ந்து காளைகள் வாடிவாயிலில் அவிழ்த்து விடப்படுகின்றன. எகிப்திய வனத்தில் தவமிருந்த அந்தோனியார் மேலைநாட்டில் கால்நடைக் காவலராதலும், அவர் நாள் சனவரி 17 ஆகலின் பொங்கலை அடுத்து வருதலும் நோக்கின் அவ்விணைப்பு இயல்பாகவே தோன்றும். சந்தியாகப்பர் கலிலேயாவில் வலை வீசியவர். ஸ்பெயின் நாட்டார் கதை அவரை வெள்ளைக் குதிரையேறிய வீரராக்கிற்று. ஐயனார் குதிரைகள் ஊர்ப்புறத்தே நிற்கும் தமிழ்நாட்டில் அக்கோலம் அயலாகத் தோன்றவில்லை.

ஆகவே, வளனைத் தமிழ்ப்படுத்தியவர் பெரும்புலவர். செபத்தியாரைத் தமிழ்ப்படுத்தியவர் பெயர் தெரியாத உழவரும் கூலியாளரும். முன்னவர் அணிகலனைத் தமிழாக்கினார். பின்னவர் அடியார்க்குத் தாம் செய்யும் கடனைத் தமிழாக்கினர். வீரமாமுனிவர்க்கே இவ்வேறுபாடு ஒருவாறு தெரிந்திருந்தது போலும். கித்தேரியம்மாள் என்னும் அடியார் வரலாற்றை அவர் விருத்தக் காப்பியமாகப் பாடாது, பெண்டிர் பாடியாடும் அம்மானையாகச் செய்தார். தச்சர் கதைக்கும் அவ்வெளிய யாப்பினையே கொண்டிருப்பாரேல், திண்டுக்கற் சூசையப்பர் கோயில் முற்றத்தில் அது இன்றும் ஒலித்துக் கொண்டிருத்தல் கூடும்.

இவ்வளவும் பிறர் மனையைப் பற்றிய பேச்சு. சைவர் மனையில் பாட்டுக்குக் குறையில்லை. பெரியபுராணம் தச்சரையும் வீரரையும் ஒத்த பலரை ஒரு நூலிலேயே வைத்து ஒவ்வொருவரையும் அவரவர் தெருவிலேயே நிறுத்திக் காட்டுகின்றது. சிவாலயங்களின் திருச்சுற்றில் அறுபத்து மூவரும் வரிசையாக எழுந்தருளியுள்ளனர். நெய்விளக்கு ஏந்தி வலம் வருவார் பலர். அவ்வரிசையில் ஓடு வனைந்தவர் எவர், வலை வீசியவர் எவர், ஆடை வெளுத்தவர் எவர் என்று சிறுவர்க்குக் காட்ட வல்லார் மிகச் சிலர். தை விசாகத்தில் வரும் திருநீலகண்டர் குருபூசையன்று ஒரு பந்தியேனும் நிகழாத சிவத்தலங்கள் பல.